முப்பத்தெட்டுக் கடிதங்கள்

“இவளை உள்ள விட்டது யாரு?” என்று டாக்டர் மகோக்கா போட்ட சத்தத்தில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளிகளின் பேச்சு அப்படியே அடங்கிப்போனது.

நர்ஸ் நஃபுனா டாக்டருக்கு மட்டும் டீயை வைத்துவிட்டு, எதிரே நின்ற ஜெரோடிச்சை ஏறிட்டும் பார்க்காமல் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினோரு வருஷமாக அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இருப்பவள். தனக்கு ஆகாதவர்கள் அவளுக்கும் ஆகாதவர்கள் என்பதில் டாக்டருக்குச் சந்தேகமே கிடையாது. ஜூலையில் அவள் மகள் காரணம் எதுவும் சொல்லாமல் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு மொம்பாசாவில் சித்தி வீட்டோடு போய்விட்ட பிறகு, நஃபுனாவின் பேச்சுதான் ரொம்பக் குறைந்துவிட்டது.

ஜெரோடிச் எல்டோரெட் நகரத்துக்காரி. நோயாளிகளின் விவரம் வெளியே கசியாதபடி சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அவள் தொழில். திங்கட்கிழமை புது வெப்சைட் திறக்கப்போவதாக ஊர் ரேடியோவான புங்கோமா ரேடியோவில் டாக்டர் சொல்லியாகிவிட்டது. இவளோ திறக்க மாட்டேன் என்று வந்து நிற்கிறாள்.

“திறந்து விடு. உன் வேலை அவ்வளவுதான்.”

“கையெழுத்து போடுங்க டாக்டர். இந்த நிமிஷமே திறந்துடறேன்.”

மேஜைமேல் ஒரு கட்டுக் கடிதம் இருந்தது. பக்கத்தில் ஒட்டிய உறை ஒன்று.

பழைய வெப்சைட் டாக்டரின் அக்கா மகன் சிமியு சும்மா செய்து கொடுத்தது. வியாழக்கிழமைதோறும் வெளி லேப் ஆள் வந்து எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் அவன்தான் அதில் ஏற்றி வைத்தான். முப்பத்தெட்டு பேரின் முடிவுகள், பெயரோடு, பூட்டு எதுவும் இல்லாமல் அதில் கிடந்ததை ஜெரோடிச் கண்டுபிடித்தாள். அன்றைக்கே மூடிவிட்டாள். அதோடு விட்டிருந்தால் டாக்டர் அவளுக்கு ஒரு சாப்பாடே போட்டிருப்பார். முப்பத்தெட்டு பேருக்கும் நடந்ததைச் சொல்லிக் கடிதம் போக வேண்டும், சட்டம் அதுதான் என்கிறாளே!

“எதிர்த்த ஆஸ்பத்திரிக்காரன் எத்தனை நாளா காசு கொடுத்து உன்னைப் பிடிச்சு வச்சிருக்கான்?”

“அவர் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல.”

“பின்ன என்ன? ‘உங்க ரகசியத்தைத் தெருவுல போட்டுட்டேன்’னு நானே என் கையால எழுதித் தரணுமா? அப்புறம் இந்த வாசல்ல ஈ காக்கா வருமா?”

“வராமப் போகலாம். ஆனா தங்களோட விஷயத்தை ஊரு படிச்சதே தெரியாம அவங்க நடமாடிட்டு இருக்காங்க.”

“எந்த ஊரு? ஒரு நாயும் சீண்டியிருக்காது.”

“நானூத்திப் பன்னெண்டு தடவை திறந்திருக்காங்க.”

“அதெல்லாம் மெஷின் தானா திறக்கறது. சிமியு சொன்னான்.”

“பாதிக்கு மேல போன்லேர்ந்து திறந்திருக்கு டாக்டர். மெஷின் எங்க போன் வச்சிருக்கு?”

அலமாரிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“எந்த மாசத்துலேர்ந்து?” என்றாள் நஃபுனா. காலையிலிருந்து அவள் ஜெரோடிச்சிடம் பேசிய முதல் பேச்சு அது.

“மார்ச்சுலேர்ந்து அக்டோபர் வரைக்கும், சிஸ்டர்.”

“அவகிட்ட என்ன விவரம் கேட்டுட்டு நிக்கறீங்க?” என்று டாக்டர் சீறினார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “சரி, ஒரே கேள்வி. இந்த முப்பத்தெட்டு பேர்ல ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்கு, இதனால கெட்டது நடந்திருக்கா? காட்டு. இப்பவே போடறேன் கையெழுத்து.”

ஜெரோடிச் ஒட்டிய உறையைத் தொட்டுக் காட்டினாள். “பேரை நான் படிக்கல டாக்டர். படிக்கறதுக்கு எனக்கு உரிமை இல்ல. எத்தனை பேருன்னு எண்ணிட்டு, உறையில போட்டு ஒட்டிட்டேன். கடிதத்துலயும் பேருக்கு இடம் விட்டுத்தான் வச்சிருக்கேன்.”

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் காலையில் முதல்முறையாக அவருக்கு டீ இனித்தது.

“ஒரு பேரும் தெரியாது, ஊரைக் கூட்ட வந்துட்டா! சிஸ்டர், இந்த ஊர்ல எந்த வீட்டுல யாரு தும்மினாலும் உங்களுக்குத் தெரியும். அந்த உறையைப் பிரிங்க. யாருக்கு என்ன முழுகிப் போச்சுன்னு படிச்சுப் பார்த்து நீங்களே இவளுக்குச் சொல்லி அனுப்புங்க.”

நஃபுனா உறையைக் கிழித்தாள். தாளில் விரல் வைத்து வரிவரியாக இறங்கினாள். பாதித் தாள் இறங்கும் முன்பே விரல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே அவள் படிக்கவில்லை.

“என்ன, யாரும் இல்லல்ல?” என்றார் டாக்டர்.

அவள் கட்டிலிருந்து மேல் கடிதத்தை உருவினாள். பெயருக்கு விட்டிருந்த இடத்தில் நிதானமாக ஒரு பெயரை எழுதி, கடிதத்தை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தாள். பேனாவை நீட்டினாள்.

“மொதல்ல இதுல போடுங்க டாக்டர், இது என் பொண்ணுக்கு.”