கஞ்சிராவின் காசுகள்

நடு நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

யாரும் கேட்கவில்லை. அவள் உள்ளே வந்ததும் உட்கார்ந்திருந்தவர் தானாக எழுந்தார். இருபது வருடமாகக் கண்காட்சிகளில் ஒலிபெருக்கிகளைக் கேட்டு எழுதுகிறவள். அந்தக் காதுகளுக்கு அவ்வளவு மரியாதை.

சென்னை ஓட்டலின் நான்காம் மாடி அறை. கண்காட்சிக்காகக் கட்டிலை வெளியே எடுத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் இரண்டு தேக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளை நிறுத்தியிருந்தார்கள்.

செய்தவர் கோயம்புத்தூர் நாச்சிமுத்து. பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் தகப்பன் நிற்பதுபோல, பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

போன வருடமும் இதே பெட்டிகள். இதே கஞ்சிரா ஒலிப்பதிவு. கேட்டுவிட்டு அவள் பத்திரிகையில் ஒரு வரி எழுதினாள்.

‘கஞ்சிரா கேட்கிறது. அதன் சட்டத்தில் கோத்த காசுகளைத்தான் காணோம்.’

அந்த வரியை எல்லோரும் ரசித்தார்கள். அவளும்.

“ஒரு வருசமுங்க மேடம். நீங்க எழுதுனதைப் பார்த்துத்தான் இது.”

நாச்சிமுத்து பெட்டியின் உச்சியைத் தொட்டுக் காட்டினார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு வெள்ளி வட்டம். கணீரென்ற உச்ச ஒலிகளுக்கென்றே புதிதாகச் சேர்த்த குட்டி ஒலிபெருக்கி.

“இப்பக் காசு விழுதுங்களான்னு பாருங்க.”

கஞ்சிரா தொடங்கியது.

தோல் அதிர்ந்தது. விரல் தட்டுவதும், உள்ளங்கை அழுத்துவதும், ஈரத் தோல் குழைவதும் தனித்தனியாகக் கேட்டன.

காசுகளைக் காணோம்.

பாவம் மனிதர் என்று நினைத்தாள். இந்த முறை எழுதப்போகும் வரிகூட மனதில் உருளத் தொடங்கிவிட்டது.

பின்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்து இருவர். கதவருகே ஒரு பெண் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

“யப்பா, பல்லு கூசுதுடா” என்று தாழ்வாரத்தில் யாரோ சிரித்தார்கள்.

மேசையருகே நாச்சிமுத்துவின் மனைவி தெய்வானை, வருகிறவர்களுக்குத் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய இரண்டு காதிலும் பஞ்சு.

நடு நாற்காலியில் இருந்தவளால் அந்தப் பஞ்சிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

காசுகள் இருந்தன. அறை முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தன. போன வருடமும் இருந்திருக்கும். அளவாக.

காய்ச்சல் பார்க்கும் கருவி ஒலி எழுப்பவில்லை என்று போன மழைக்காலத்தில் இரண்டு முறை மாற்றி வாங்கினாள். மட்டமான சரக்கு என்று கடைக்காரனைக் கடையில் வைத்தே திட்டினாள். அவன் அந்தக் கருவியைத் தன் காதருகே பிடித்து, அவளை ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வை இப்போதுதான் புரிந்தது.

கஞ்சிரா நின்றபோது அறையில் மூவர் மட்டுமே இருந்தார்கள்.

“எப்படிங்க மேடம்?”

என் காதில் விழவில்லை. மூன்று வார்த்தை. நாக்கின் நுனிவரை வந்தது.

“ரூம்தான் சரியில்ல” என்றாள்.

கண்காட்சியில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் வார்த்தை. யாருக்கும் நோகாது. சுவர்கள் மறுத்துப் பேசுவதில்லை.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது.

“நானும் அதைத்தானுங்க நெனச்சேன்! காலையிலிருந்து ஒருத்தரும் அஞ்சு நிமிசம் உக்கார மாட்டேங்கறாங்க. எல்லாம் இந்தக் கண்ணாடி பண்ற வேலைங்க. தெய்வானை, அந்தப் போர்வையை எடு.”

“போன வருசமே நல்லாத்தான இருந்துச்சு.”

தெய்வானை இதைக் கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

“நீ சும்மா இரு. மேடம் காது என்ன, உங்காது என்ன.”

அவர் நாற்காலியில் ஏறினார். நிலைக்கண்ணாடியின் மேல் போர்வையைக் கட்டினார். மூலைகளில் தலையணைகளை அடுக்கினார். அதுவும் போதாமல், பையிலிருந்து மனைவியின் சேலை ஒன்றை உருவி ஜன்னலுக்குக் குறுக்கே விரித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வேண்டாம், இறங்குங்கள் என்று சொல்ல ஒவ்வொரு முடிச்சுக்கும் நடுவில் நேரம் இருந்தது.

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து அவர் சில ஒயர்களைக் கழற்றினார்.

“கீழ இருக்கறதெல்லாம் நிறுத்திட்டேனுங்க. மேல அந்தச் சின்னது மட்டுந்தான் பேசும். அது சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நாளைக்கே பத்து ஜோடிக்குத் தேக்கு அறுக்கச் சொல்லீர்றேன்.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கண்களை மூடினாள்.

ஏசியின் முனகல். பக்கத்து அறையில் யாரோ பாடும் பழைய பாட்டின் தாழ்ந்த சுரங்கள். தாழ்வாரத்தில் தேநீர் வண்டி உருண்டு போனது.

ஒயரோடு இன்னும் மல்லுக்கட்டுகிறார் போலிருக்கிறது.

“ம், போடுங்க” என்றாள்.



கண்களைத் திறந்தாள்.

தெய்வானை பஞ்சின் மேல் இரண்டு கைகளையும் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவை ஓட்டும் கருவியின் சிறு திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று நாற்பது. ஒன்று நாற்பத்தொன்று.

நாச்சிமுத்து நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகக் கீழே இறங்கியது.

பிறகு கருவியின் அருகே போய்க் குனிந்தார்.

“இதோ, போட்டுட்டேனுங்க மேடம்” என்றார்.

விரல் பொத்தானைத் தொடவேயில்லை.