பிள்ளை விட்ட இடம்

உங்கள் வீட்டில் இதே துவக்கு இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னொன்று என்று கேட்டாள் துப்பாக்கிக் கடைக்காரி திரேசா.

நல்ல கேள்விதான். குகநாதன் மனைவியைப் பார்த்தார். கஜலக்சுமி சுவரில் சாத்தியிருந்த புதுத் துவக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரேசாவுக்குத் தெரியாத கதை இல்லை. முதல் துவக்கை அவர்களுடைய மகள் லக்சாயினிக்கு விற்றதே அவள்தான். சுவிஸில், லாங்கன்தாலில் இருக்கிற இந்தக் கடைக்கு வந்து துவக்கு வாங்கிய முதல் தமிழ்ப் பெட்டை என்று மகளின் செத்தவீட்டில் சொல்லிச் சொல்லி அழுதவள்.

ஒரு காலத்தில் துவக்கு என்றாலே குகநாதன் பத்தடி தள்ளி நிற்பார். ஊரில் அதற்குத் தப்பித்தானே இங்கே ஓடி வந்தார்! மகள் துவக்குச் சூட்டுக் கிளப்பில் சேர்ந்தபோது, வெளியே காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டிருந்த மனிதர் அவர்.

அவள் விட்டாளா? இலங்கைப் பாஸ்போட்காரர் இங்கே துவக்கைத் தொடக்கூடாது. அவருக்குச் சுவிஸ் பாஸ்போட் கிடைத்த கையோடு உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். குப்புறப் படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லிக்கொடுத்து, ஆளைச் சுடப் பழக்கிவிட்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே துவக்குத்தான்.

அதில் குறிபார்க்கிற வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. ஆளுக்கு ஆள் கண் வேறு என்பதால், அவரவர் கண்ணுக்கு ஏற்ற மாதிரி அதைத் திருகவேண்டும். அப்பா சுட்டு முடித்ததும் லக்சாயினி டிக், டிக் என்று தன் இடத்துக்குத் திருப்பிவிடுவாள். அதிலுள்ள எண்ணைப் பார்க்கவே மாட்டாள். எத்தனையில் வைக்கிறாய் என்று கேட்டால், என் விரலுக்குத் தெரியும் என்று சிரிப்பாள்.

கடைசிச் சனிக்கிழமையும் அப்பாதான் முதலில் சுட்டார், பிறகு மகள். அடுத்த நாள் பனிமூட்டத்துக்குள் பெருந்தெருவில் அவளுக்கு எதிரே அந்த லொறி வந்தது.

திருகு மட்டும் அவள் விட்ட இடத்தில் நின்றது.

கஜலக்சுமி அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிர் வாழ்ந்தாள். காலையில் சாமிக்கு விளக்கு வைத்ததும், திருகில் விரல் படாமல் துவக்கைக் கைக்குழந்தையைப் போல் தூக்குவாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வளையத்துக்குள்ளால் யன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

“பிள்ளை பாத்த மாதிரியே தெரியுதப்பா.”

இப்போது கிளப்பில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். குகநாதனுக்கும் போகவேண்டும். மகளின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிற மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டில் அந்தப் பெயரை எடுத்தால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

இரவல் துவக்கு வேண்டாம், பிள்ளை பழக்கின மாதிரித் துவக்கிலேயே சுடவேண்டும், ஆனால் பிள்ளையின் துவக்கைத் தொடவும் கூடாது. கஜலக்சுமி ஒரே பிடியாக நின்றாள். அதனால்தான் இன்னொன்று.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திரேசா தலையை ஆட்டினாள். வீணாக ஏன் வாங்குகிறீர்கள் என்றாள். அதையே கொண்டுவாருங்கள், அவள் விட்ட இடத்தில் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்துத் தருகிறேன். பிறகு நீங்கள் எவ்வளவு திருகினாலும் அந்தப் பொட்டுக்கே திரும்பி வரலாம், அது ஒருநாளும் அழியாது.

விற்கவேண்டியவளே வேண்டாம் என்கிறாள். என்ன நல்ல மனம்!

கஜலக்சுமியின் முகம் மலர்ந்தது. மகள் போன பிறகு குகநாதன் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

“கேட்டியளோ? அழியாதாமப்பா. அப்பிடியே செய்விப்பமோ?”

குகநாதனுக்கு அந்தப் பூசை நாள் நினைவுக்கு வந்தது.

மகளின் ஆண்டுத் திவசம் முடிந்து வந்த முதல் வாணி பூசை அது. சாமியறையில் புத்தகங்கள், அவருடைய வேலைச் சாமான்கள், கார்த் திறப்புக் கொத்து, எல்லாவற்றுக்கும் நடுவில் லக்சாயினியின் துவக்கு. அவள் இருந்த காலத்தைப் போலவே அதற்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார் குகநாதன்.

பூசை முடிந்து கஜலக்சுமி குசினியில் கடலை பங்கிட்டுக்கொண்டிருந்தாள். சந்தனம் வழிந்து திருகின் இடுக்குக்குள் காய்ந்துபோய்க் கிடந்தது. பிள்ளையின் சாமான், துப்புரவாக இருக்கட்டும் என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார்.

டிக். டிக். பிறகும் டிக்.

ஐயோ!

எந்தப் பக்கம் திரும்பியது? எவ்வளவு? அதிலுள்ள எண்ணை அவர் ஒருநாளும் பார்த்துவைத்ததில்லை. அங்கேயும் இங்கேயும் திருகித் திருகிப் பார்த்தார். அவருடைய விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளதும் போயிற்று.

அடுத்த நாள் காலையும் கஜலக்சுமி விளக்கு வைத்தாள், துவக்கைத் தூக்கினாள், ஒற்றைக் கண்ணை மூடினாள். பிள்ளை பார்த்த மாதிரியே தெரிகிறது என்றாள். குகநாதன் தலையாட்டி ஓம் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்த ஓம்தான்.

இப்போது, இந்தக் கடையில் நின்றே சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கு விடிய அவள் எதை எடுத்துப் பார்ப்பாள்? சொல்லாமல் பொட்டு வைத்தால், அவருடைய ஈரத்துணி செய்த வேலைக்குத் தாயின் கண்முன்னே மகளின் பெயரை வைத்ததாகிவிடும். அதுவும் அழியாத மையால்.

“பொட்டு ஒண்டும் வேண்டாம். புதுசையே எடுப்பம்,” என்றார்.

கஜலக்சுமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஓமப்பா, நீங்கள் சொல்லுறதுதான் சரி. இனிப் பூசைக்கும் இதையே வைப்பம். பிள்ளையின்ரையிலை ஒரு துணிகூடப் படக்கூடாது.”

“ஓம்,” என்றார் குகநாதன்.