நிழலின் தலை

பவதாரிணியின் வேலையில் குறை காண்பதில்லை என்பது விளம்பரக் கலை வகுப்பில் யாரும் வகுக்காமல் எல்லோரும் கடைப்பிடித்த விதி. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, தலையைத் துணியால் மூடிக்கொண்டு அவள் திரும்பிய நாளில் அது தொடங்கியது. அதன்பின் அவள் அளித்த மூன்று பணிகளும் தொண்ணூற்றைந்து மதிப்பெண் பெற்றன; அவற்றுள் ஒன்றை அவள் பாதியிலேயே கைவிட்டிருந்தாள். இன்று, தலைமுடியைக் கலையாமல் நிறுத்தும் ஜெல்லுக்கு அவள் வரைந்த விளம்பரம் திரையில் இருந்தது. கடற்காற்றில் குடைகள் பறக்கின்றன, துப்பட்டாக்கள் பறக்கின்றன. நடுவில் நிற்கும் இளைஞனின் முடி மட்டும் அசையவில்லை. ஆனால் அவனுக்குப் பின்னால் சுவரில் விழுந்த நிழலின் தலை, முடியே இல்லாமல் மழமழவென்று உருண்டையாக இருந்தது. நாற்பது பேரும் அந்த நிழலைப் பார்த்தார்கள். பிறகு தத்தம் குறிப்பேட்டைப் பார்த்தார்கள்.

“ரொம்ப அருமைம்மா” என்றார் பேராசிரியர் ஞானப்பிரகாசம், பேனாவைத் திறந்தபடி.

“சார், மார்க் போடறதுக்கு முன்னாடி ஒரு குறையாவது சொல்லுங்க.”

“குறையா? உன் வேலையிலயா?”

வகுப்பு மெல்லச் சிரித்தது. பவதாரிணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் கனிவோடு தாழ்ந்தது. முன்பெல்லாம் முதலிடத்துக்காக அவளோடு மல்லுக்கட்டிய ஷர்மிளா பானு, கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

“ஏய், அவன் தலையில முடி இருக்கு, நிழலுக்கு எங்கடி? இதைப் பார்த்துட்டு எவன் ஜெல் வாங்குவான்? போய்த் திரும்ப வரைஞ்சுட்டு வா.”