எல்லாம் பச்சை

பேராசிரியர் செங்கமலத்தின் ஆராய்ச்சி வென்றபின், ஒவ்வொரு வருடமும் முதலாம் ஆண்டு மாணவர்கள் அனைவர் கையிலும் அவர் கண்டுபிடித்த பட்டை கட்டப்பட்டது. மனதில் குழப்பம் வந்தால் அது தணித்துவிடும். தெளிந்ததும் பச்சையாக எரியும்.

அன்று வகுப்பில் கரும்பலகையில் போட்ட பாலத்தின் சுமைக் கணக்கில், கூட்ட வேண்டிய இடத்தில் தவறுதலாகக் கழித்துவிட்டார். விடை பூஜ்யத்துக்கும் கீழே போனபோதுதான் கவனித்தார். திரும்பினார். வகுப்பு முழுக்கப் பச்சை.

"யாருக்குமே சந்தேகம் வரலையாப்பா?"

"இல்ல மேடம், புரிஞ்சிருச்சு," என்றான் முன்வரிசை கார்முகிலன்.

"நான் போட்டது தப்புப்பா!"

"அதுவும் புரிஞ்சிருச்சு மேடம்."

அவன் பட்டை பச்சையாகவே எரிந்தது. ஆத்திரத்தில் டஸ்டரை மேசையில் ஓங்கி அடித்தார். ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை.

மாலையில் கல்லூரிப் பேருந்து, போன மாதம் திறந்த மேம்பாலத்தில் ஏறியது.

"இந்தப் பாலம் நம்ம பசங்க டிசைன் பண்ணது மேடம்," என்றார் ஓட்டுநர் தேவசகாயம் பெருமையாக. "நீங்க பட்டை கட்டிவிட்ட முதல் செட்டு."

செங்கமலம் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தார். பேருந்துக்கு முன்னும் பின்னும் லாரிகள்.

"வண்டியத் திருப்புங்க."

"இது ஒன்வே மேடம்."