முதல் பரிசு வரைபடம்

"கைய எடுங்க அக்கா. அது ஸ்கூல் சொத்து."

காமினி டீச்சர் போட்ட சத்தத்தில், பெற்றோர் தினத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தின் ஒரு மூலையைச் சாந்தினி அதற்குள் கிழித்தே விட்டாள்.

காமினிக்கு வந்ததே கோபம். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைந்து வா என்று ஃபார்ம் ஒன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னால், பாதிப் பேர் இரண்டு கோடு போட்டு நடுவில் ஒரு பசார் சந்தையை வைத்து நீட்டினார்கள். வடக்கு எது தெற்கு எது என்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

ஒழுங்காக வரைந்தவள் இந்தச் சாந்தினியின் மகள் கீர்த்திகா ஒருத்திதான். வருடத்தின் நடுவில், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் புக்கிட் தெங்காவிலிருந்து மாறி வந்த பிள்ளை. இப்போது இருக்கும் டத்தோ கிராமாட் பகுதியில் எந்தக் கோப்பிக் கடை முனையில் திரும்புவது, எந்த ஃபிளாட், எந்த மாடி, கதவு என்ன நிறம் என்று ஒன்று விடாமல் போட்டிருந்தாள். மாநிலப் போட்டிக்குப் போக வேண்டிய படம். அதைப் பெற்ற தாயே வந்து கிழிக்கிறாள்.

"கழட்டிக் குடுத்துருங்க டீச்சர்." ஃபேக்டரி சட்டையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள் சாந்தினி. "இங்க மாட்டியிருக்குன்னு அவ இப்பத்தான் சொன்னா."

"ஃபிளாட் வீடுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கமா? உங்க கௌரவத்துக்காகப் புள்ள போட்டிக்குப் போகக் கூடாதா?"

"என்ன கௌரவம் லா, எனக்கு?" சாந்தினியின் குரலும் ஏறியது. "எங்க வீடு எங்க இருக்குன்னு ஊருக்குக் காட்டுறீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மேப்புன்னா அதுக்குத்தான். புதுசா வர்றவன்கூட யாரையும் கேக்காம வாசல்ல வந்து நிக்கணும். அப்படி வரைஞ்சிருக்கா உங்க மக. பெருமைப்படத் தெரியலன்னா சும்மாவாவது இருங்க."

சாந்தினி கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு காமினியின் காதருகே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"இவ அப்பன் எங்களத் தேடிக்கிட்டு இருக்கான் டீச்சர். கண்டுபுடிச்சா கொன்னுருவேன்னு சொல்லியிருக்கான். புள்ளைய இழுத்துக்கிட்டுப் பாலம் தாண்டி வந்து ஒளிஞ்சிருக்கோம். நீங்க மட்டும் பாத்து மார்க் போடுவீங்கன்னு நெனச்சு வரைஞ்சிருக்கா."

 யாரிடம் போய் இத்தனை நேரம் கத்தினோம் என்று காமினிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. தானே படத்தைப் பிய்த்து, மடித்து, சாந்தினியின் கையில் திணித்தாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே யாரு கண்ணுலயும் படாது."

சாந்தினி பெருமூச்சு விட்டாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வகுப்பு அனுஜா டீச்சர் கையில் போனோடு, சிரித்துக்கொண்டே வந்தார்.

"கீர்த்திகா படத்தை எடுத்துட்டீங்களா? பரவால்ல, நான் காலையிலேயே ஸ்கூல் ஃபேஸ்புக்ல பேரோட போட்டுட்டேன். அவ அப்பாகூடப் பாத்துட்டு, 'கிளம்பிட்டேன்'னு எழுதியிருக்காரு."