ஆறே கால் மணி

சிறைக் கவுன்டரில் நின்றபடி கடிதத்தை அவள் இரண்டாம் முறையாகப் படித்தாள்.

ஆயுள் சிறைவாசி மாதப்பன். பதினாறு ஆண்டுகள். பரோலில் சென்றபோது ஓர் இரவு தலைமறைவு. ஆகவே நன்னடத்தை இல்லை. முன்விடுதலைப் பட்டியலில் பெயர் இல்லை. தறியில் உட்கார்ந்து உழைத்துச் சேர்த்த நானூற்றுப் பன்னிரண்டு நாள் தண்டனைக் கழிவும் ரத்து.

தலைமறைவாம்.

எழுதின கை நாசமாய்ப் போக.

நாலு வருஷத்துக்கு முந்தைய அந்த இரவில் அவளும்தான் புருஷனோடு கூட இருந்தாள். மகள் கல்யாணம் முடிந்த மறுநாள். மாலை ஆறு மணிக்குள் சிறைக்குத் திரும்ப வேண்டும் என்று விடியும் முன்பே ஊரிலிருந்து கிளம்பினார்கள். திம்பம் மலைப்பாதையில் ஒரு கரும்பு லாரி வளைவில் மாட்டிக்கொண்டது. ஐந்து மணி நேரம் எதுவும் நகரவில்லை. பேருந்தை விட்டு இறங்கி, பண்ணாரி வரை ஓட்டமும் நடையுமாக வந்து, வேறு பஸ் பிடித்தார்கள். அவள் செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

சிறை வாசலுக்கு வந்தபோது ஆறே கால்.

லாக்கப் முடிந்துவிட்டது, கைதிகளை எண்ணிப் பூட்டியாயிற்று என்றார் காவலர், பெரிய கதவில் இருந்த சின்னத் திறப்பு வழியாக.

உள்ளே விடச் சொல்லி மனுஷன் கெஞ்சினார். ஜெயிலுக்குள் விடச் சொல்லி உலகத்தில் எவனாவது கெஞ்சுவானா? இவர் கெஞ்சினார்.

பிறகு எதிரே வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். கதவைப் பார்த்தபடி.

காவலர் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். காலையில் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனார் அவள் புருஷன்.

இப்போது கவுன்டரில் உட்கார்ந்திருந்தது அதே காவலர்தான். மீசை நரைத்திருந்தது.

"ஏனுங்க, ஓடிப்போறவன் ஜெயில் வாசல்லயா படுப்பான்? நீங்கதான தண்ணி குடுத்தீங்க?"

காவலர் நிமிரவில்லை. பதிவேட்டைப் புரட்டினார்.

"ரெக்கார்டுல அப்படித்தாம்மா இருக்குது. ஆறு மணியாகப் போகுது, கிளம்புங்க."

கடிதம் கிடைத்தது என்று கையெழுத்துப் போடச் சொன்ன தாளை அவள் தொடவில்லை. வெளியே வந்தாள்.

வேப்பமரம் அங்கேயேதான் இருந்தது. பையிலிருந்த பழஞ்சேலையை விரித்துப் படுத்தாள். கதவைப் பார்த்தபடி.

ஆறு மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. சின்னத் திறப்பில் காவலரின் முகம் தெரிந்தது.

"என்னம்மா இது, எந்திரிங்க."

"எழுதிக்குங்க. நானும் ஓடிப்போயிட்டேன்."

முகம் மறைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, திறப்பின் வழியாக ஒரு தண்ணீர் பாட்டில் நீண்டது.

அவள் எழுந்திருக்கவில்லை.

நீட்டிய கை அப்படியே இருந்தது.