வெளியே போய் நில்லு

"பேச்சு ஜாஸ்தியாப் போச்சு உனக்கு. எழுந்து வெளிய போய் நில்லு."

காந்திமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. இருமினாள், அவ்வளவுதான்.

"நான் பேசலையேக்கா."

"எதிர்த்து வேற பேசறியா? போ."

சூப்பர்வைசர் சாராள் அப்படித்தான். தாம்பரம் சானடோரியம் பக்கத்திலிருந்த அந்தச் சட்டைக் கம்பெனியில் அவளுக்கு 'டீச்சர்' என்றே பட்டப்பெயர். பிள்ளை பெற்ற பொம்பளைகளைக்கூடப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வாசல் புங்கமரத்தடியில் நிற்க வைத்துவிடுவாள்.

படப்பையிலிருந்து பஸ் பிடித்து வரும் காந்திமதி வேலைக்குப் புதுசு. ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க, மானம் போயிற்று அவளுக்கு. மேனேஜரிடம் சொல்லியே தீர்வது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் ஒன்று அவளைக் குடைந்தது. பக்கத்து மிஷின் எல்லம்மா காலையில் உட்கார்ந்தால் மணி அடிக்கிறவரை வாய் ஓயாது. மாமியார் கதை, புதுசாக வாங்கின கருப்பு வெள்ளை டிவி கதை. அவளை டீச்சர் ஒருநாளும் எழுப்பினதில்லை.

எப்படி என்று கேட்டால், "எம் மூஞ்சி ராசி அப்டி கீது" என்று சிரித்தாள் எல்லம்மா.

காந்திமதி கவனிக்க ஆரம்பித்தாள். முந்தாநாள் நின்றவள் தனம். கண் சிவந்து, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அருள்மேரி. தலைவலி தாங்காமல் மிஷின்மேலேயே சாய்ந்திருந்தாள். இரண்டு பேரும் பேசினதாகத் தெரியவில்லை.

உள்ளே இருக்கிற லட்சணம் அப்படி. வெளிநாடு போகிற வெள்ளைச் சட்டையில் தூசி படக்கூடாது என்று ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டார்கள். புதுத் துணிக்கட்டைப் பிரித்தால் நெடி கண்ணைக் கரிக்கும். பஞ்சு தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வராத இருமல், திங்கட்கிழமை மிஷினில் உட்கார்ந்ததும் வந்துவிடும்.

"எனக்கு முன்னாடி இந்த மிஷின்ல யாருக்கா இருந்தாங்க?" என்று ஒருநாள் எல்லம்மாவைக் கேட்டாள்.

எல்லம்மா சிரிக்கவில்லை. "செல்லம்மான்னு ஒருத்தி. மூச்சு வாங்குது சார்னு மேனேஜராண்ட வாய வுட்டா. பக்கத்துலயே டிபி ஆஸ்பத்திரி கீதா, இருமுனா இவுங்களுக்கு வேற இன்னா தோணும்? மறுநாளே வராதன்ட்டாங்கோ."

அன்றைக்கு மத்தியானமே காந்திமதிக்கு மறுபடி இருமல். மறுபடி மரத்தடி.

மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. நின்ற கொஞ்ச நேரத்தில் தொண்டை அடங்கியது, தலை லேசானது. போன தடவையும் இப்படித்தானே என்று நினைத்தவள், உள்ளே திரும்பிப் பார்த்தாள். கதவோரம் சாராள். இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கோபத்தைக் காணோம்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் தேவானந்தம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"ஏம்மா, இங்க ஏன் நிக்கிறே? உடம்பு சரியில்லையா? இருமலா?"

கேட்டுக்கொண்டே கர்ச்சீப்பை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு, ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் காந்திமதியின் நாக்கு நுனியில் நின்றது.

"இல்ல சார். வேலை நேரத்துல பேசிட்டேன். டீச்சர் நிக்க வச்சுட்டாங்க."

அவர் கர்ச்சீப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார். "நல்லா வேணும். இன்னும் கொஞ்ச நேரம் நில்லு."

மழை விட்ட பிறகு ஒருநாள், புதுத் துணிக்கட்டு வந்து இறங்கியது. எல்லம்மாவின் மிஷின் பக்கம் சத்தமே இல்லை. மாமியாரும் இல்லை, டிவியும் இல்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குனிந்திருந்தாள். சாராள் அந்தக் கோடியில் யாருக்கோ காலர் தைக்கக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

காந்திமதி எழுந்து நின்று, ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"டீச்சர், இந்த எல்லம்மா பேசிக்கிட்டே இருக்கா!"